கண்ணுக்கு வருத்தம், வயிற்றுக்கு ஏன் ஸ்கான்?

இந்த மாதம் மூன்று கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதலாவதற்கு நீளமாக எழுதவேண்டி வந்துவிட்டது. மற்ற இருவரும் கோபிக்க வேண்டாம்.

*அன்ரி, எனக்கு 23 வயது. முதல் பிள்ளை, ஆண், ஏழு மாதம். இரண்டாம் மாதத்திலிருந்தே முற்றத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். இரண்டு கண்ணும் ஒரே கறுப்பு, நடுக் கறுப்பைச் சுற்றி வரும் மண்ணிற வளையம் இல்லை. கண் எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். கண் டொக்டர் ரோச் அடித்துப் பார்த்துவிட்டு, "அனிரிடியா, கதிராளி இல்லாமல் பிறந்திருக்கிறான்" என்றார். எங்கள் இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கும் இப்படி இல்லை. பிறகு ஒரு துண்டு தந்து வயிற்றை ஸ்கான் பண்ணிக்கொண்டு வரச் சொன்னார். கண்ணுக்கு வருத்தம், வயிற்றுக்கு ஏன் ஸ்கான்? வேறு பிள்ளையின் துண்டு மாறி வந்துவிட்டதா? வெளியே அவ்வளவு சனம், கேட்கப் பயமாக இருந்தது. ஸ்கானுக்குப் போகவில்லை, ஐந்து கிழமை ஆகிறது. வயிற்றில் பிள்ளையோடு நான் சந்திர கிரகணம் பார்த்ததால்தான் இது வந்தது என்று மாமி சொல்கிறா. இவனுக்குக் கண் தெரியுமா? கண்ணாடி போட்டால் சரிவருமா?*
*ஒட்டுசுட்டான் பக்கத்து அம்மா*

மகள், துண்டு மாறவில்லை. அது உங்கள் பிள்ளையின் துண்டுதான். வாசிப்பதை இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு அதை எங்கே வைத்தீர்கள் என்று தேடி எடுங்கள். நாளைக்கே பிள்ளையையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், "பிந்திப்போச்சு" என்று சொல்லுங்கள். ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். நானும் இப்படி எத்தனையோ தாய்மாரை ஏசிவிட்டு, பிறகு நானே கூட்டிக்கொண்டு போய் ஸ்கான் அறை வாசலில் விட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட அதே கேள்வியை 1997இல் நான் மனதுக்குள் கேட்டேன். அப்போது நான் தாதி வேலைக்கு வந்து ஏழு வருடம். கண் கிளினிக் என்றால் படங்கு கட்டிய ஒரு விறாந்தை, ஜெனரேற்றர் ஓடும் நேரத்துக்குத்தான் கருவியில் கண் பார்க்கலாம். ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்தாள். கண்மணி இரண்டும் அகன்று, ஒரே கறுப்பாகக் கிடந்தது. கண்மணியை விரிக்க நாங்கள் விடும் சொட்டை யாரோ ஏற்கெனவே விட்டுவிட்டார்கள் என்று நினைத்து, "சொட்டு விட்டாயிற்று" என்று துண்டில் எழுதி உள்ளே அனுப்பிவிட்டேன். டொக்டர் வெளியே வந்து, "யார் விட்டது?" என்று கேட்டார். ஒருவரும் விடவில்லை. அந்தப் பிள்ளைக்கு விரிவதற்கும் சுருங்குவதற்கும் கதிராளியே இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கருவிக்குள்ளால் காட்டினார். ஓரத்தில் மட்டும் வெட்டிய நகம் போல ஒரு சிறு விளிம்பு. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. பிள்ளையை மேசையில் படுக்கவைத்து, இரண்டு விலாவுக்கும் கீழே மெதுவாகத் தடவிப் பார்த்தார். கண் டொக்டருக்கு வயிற்றில் என்ன வேலை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் இதுதான். 1964இல் அமெரிக்காவில் ரொபர்ட் மில்லர் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் சிறுநீரகத்தில் வரும் ஒருவகைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட 440 பிள்ளைகளின் பதிவுகளைப் புரட்டினார்கள். அந்தப் புற்றுநோய்க்கு வில்ம்ஸ் கட்டி என்று பெயர். அந்த 440 பேரில் 6 பேர் கதிராளி இல்லாத பிள்ளைகள். சாதாரணமாக 40,000இலிருந்து ஒரு இலட்சம் வரையான பிறப்புகளில் ஒன்றுக்குத்தான் அனிரிடியா இருக்கும். 440இல் ஒன்று இருந்தாலே அதிசயம். ஆறு என்றால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏதோ தொடுசல் இருக்கவேண்டும்.

அந்தத் தொடுசலை ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு யானையை வைத்தே சொல்லலாம். எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் நிறமூர்த்தங்கள், அதாவது பரம்பரைக் கட்டளைகளைச் சுமக்கிற இழைகள், இருக்கின்றன. பதினோராம் நிறமூர்த்தத்தில் 'பாக்ஸ்-6' என்று ஒரு பரம்பரை அலகு, கண்ணைக் கட்டியெழுப்புகிற மேசன் அதுதான். அதற்குக் கிட்ட, பக்கத்து வயல் மாதிரி, 'டபிள்யூ.ரி-1' என்று இன்னொன்று. அது சிறுநீரகத்தையும், ஆண்பிள்ளையின் விதை போன்ற உறுப்புகளையும் பார்த்துக்கொள்வது. இரவில் யானை இறங்கினால் சிலவேளை ஒரு வயலை மட்டும் மிதித்துவிட்டுப் போகும். சிலவேளை வரம்பைத் தாண்டிப் பக்கத்து வயலையும் சேர்த்து அழித்துவிடும். காலையில் ரோட்டில் நின்று பார்க்கிறவனுக்கு முன் வயல் அழிந்தது மட்டும்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால்தான் மற்றது. கண் டொக்டர் கண்டது முன் வயல். ஸ்கான் என்பது உள்ளே போய்ப் பார்ப்பது.

இரண்டு வயலும் அழிந்த பிள்ளைகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு அந்தக் கட்டி வருகிறது, பெரும்பாலும் நாலு வயதுக்குள். உங்கள் பிள்ளைக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. தாய் தகப்பன் இருவருக்கும் இல்லாமல் புதிதாக வந்த அனிரிடியாவில்தான் இந்தச் சந்தேகம் முக்கியம், அதனால்தான் ஸ்கான் கேட்டிருக்கிறார்கள். இரத்தத்தில் பரம்பரை அலகுப் பரிசோதனை செய்து இரண்டாவது வயல் பத்திரம் என்று தெரிந்தால் இந்த ஓட்டம் முடிந்துவிடும். கொழும்பு மருத்துவ பீடத்தில் மனிதப் பரம்பரையியல் பிரிவு ஒன்று இருக்கிறது. உங்கள் டொக்டரிடம், "அங்கே அனுப்பலாமா?" என்று கேளுங்கள். முடிவு வரும்வரை, அல்லது பரிசோதனை செய்ய முடியாமல் போனால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான், எட்டு வயது வரைக்கும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் வயிற்றில் களியைப் பூசி ஒரு கருவியால் தடவுவதுதான் அது. ஊசியில்லை, எக்ஸ்ரே கதிரும் இல்லை. சின்னதாக இருக்கும்போது பிடித்தால், நல்ல வைத்தியம் கிடைக்கிற இடங்களில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேரளவில் பிழைக்கிறார்கள். ஆகவே அந்த மூன்று மாதத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது: வயிறு ஒரு பக்கம் புடைத்தால், கட்டி மாதிரித் தட்டுப்பட்டால், மூத்திரத்தில் இரத்த நிறம் கண்டால், அடுத்த கிளினிக் திகதி மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டி என்று சந்தேகம் வந்தால் திரும்பத் திரும்ப அமத்திப் பார்க்கவும் கூடாது. குளிக்கவார்க்கும்போது வயிற்றை எண்ணெய் போட்டு உருவுவார்களே, அதையும் ஸ்கான் முடியும்வரை மாமியிடம் சொல்லி நிறுத்திவையுங்கள். ஆண்பிள்ளை என்றபடியால் இன்னொன்று, விதை இரண்டும் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். இதுவும் அந்த இரண்டாவது வயலோடு சேர்ந்த அடையாளம்.

சரி, இனிக் கண்.

பெயர் 'கதிராளி இல்லை' என்று இருப்பதால் அது மட்டும்தான் குறை, ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேசனே அரைவாசி நாள்தான் வேலைக்கு வந்தான் என்றால் வீட்டில் யன்னல் மட்டுமா பிழைக்கும்? விழித்திரையின் நடுவில், எழுத்து வாசிக்கவும் முகம் பிரித்தறியவும் உதவுகிற ஒரு சின்னக் குழி இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு அது சரியாக உருவாகியிருக்காது. கண் ஆடுவதும் அதனோடு சேர்ந்ததுதான், பயத்தாலோ பேயாலோ இல்லை. ஆகவே கண்ணாடி கூச்சத்தைக் குறைக்கும், கிட்டப்பார்வை தூரப்பார்வை ஏதும் இருந்தால் அதையும் திருத்தும். ஆனால் இல்லாத குழியைக் கொண்டுவராது. பலருக்குப் பார்வை 6/60 அளவில் நிற்கும். மற்றவன் அறுபது மீற்றரில் நின்று வாசிக்கிற பஸ் பலகையை இவன் ஆறு மீற்றருக்குக் கிட்ட வந்து வாசிப்பான். இது குருடு இல்லை, மகள். உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான், நடப்பான், விழாமல் ஓடுவான், புத்தகத்தை மூக்கில் முட்டுகிற மாதிரிப் பிடித்து வாசிப்பான். அப்படிப் பிடிக்கும்போது, "கண் கெட்டுப்போகும், தள்ளிப்பிடி" என்று ஒருவரும் ஏசக்கூடாது. கிட்டப் பிடித்தால் கண் கெடாது, அவனுக்கு எழுத்துப் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். தலையை ஒருபக்கம் சரித்துப் பார்த்தாலும் நிமிர்த்தி விடாதீர்கள். கண் ஆட்டம் குறைகிற கோணத்தை அவன் தானே கண்டுபிடித்திருக்கிறான்.

மாமியின் கிரகணத்துக்கு வருகிறேன். கரு தங்கி நாலாம் கிழமையிலேயே கண்ணுக்கான வேலை தொடங்கிவிடும், பல பெண்களுக்கு அப்போது பிள்ளை தங்கியதே தெரியாது. யானை இறங்கியது அதற்கும் முந்தி, பிள்ளை உருவாகும் நேரத்தில் பரம்பரை அலகில். நீங்கள் பார்த்ததோ சாப்பிட்டதோ அங்கே போய்ச் சேராது. 2019 மார்கழி 26ஆம் திகதி வளையச் சூரிய கிரகணம் எங்கள் தலைக்கு மேலாலேயே போனது. நான் அப்போது வேலையில்தான் இருந்தேன். எத்தனை கர்ப்பிணிகள் வாசலில் நின்று பார்த்தார்கள்! கிரகணத்தால் கதிராளி போகும் என்றால் அடுத்த வருடம் எங்கள் கிளினிக்கில் நிற்க இடம் இருந்திருக்காது. மாமியைக் கோபிக்க வேண்டாம். காரணம் இல்லாமல் ஒன்று வந்தால் மனுசருக்குத் தாங்காது, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பக்கத்தை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இந்தப் பாக்ஸ்-6 பற்றி ஒரு கதை, சும்மா கேளுங்கள். பலாப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே சின்ன ஈ, அதற்கும் இதே போன்ற பரம்பரை அலகு இருக்கிறது. 1995இல் சுவிற்சர்லாந்தில் வால்ற்றர் கேரிங் என்ற விஞ்ஞானியின் குழுவினர் எலியின் அந்தப் பரம்பரை அலகை எடுத்து ஈயின் காலிலும் இறகிலும் வேலைசெய்ய வைத்தார்கள். அங்கே கண் முளைத்தது. எலிக்கண் இல்லை, ஈயின் கண்தான். எலிக்கும் ஈக்கும் பிள்ளைக்கும் கண் கட்டச் சொல்கிற கட்டளை ஒன்றுதான் போல. இதை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்து அன்றைக்கு வீட்டில் ஈ அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பகலில் வெளியே போகும்போது அகன்ற விளிம்புத் தொப்பி போடுங்கள், பனையோலைத் தொப்பி நன்றாக இருக்கும். மண்ணிறச் சாயக் கண்ணாடி எப்போது தொடங்கலாம் என்று டொக்டரைக் கேளுங்கள். வெறும் கூலிங் கிளாஸைத் தெருவில் வாங்கிப் போடவேண்டாம். பள்ளிக்கூடம் போகும் வயதில் முன்வாங்கில், யன்னலுக்கு முதுகு காட்டி இருத்தச் சொல்லுங்கள். வெளிச்சம் அவன் புத்தகத்தில் விழவேண்டும், முகத்தில் இல்லை. சோதனைக்குப் பெரிய எழுத்து வினாத்தாளும் கூடுதல் நேரமும் கேட்டு அதிபர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சுன்னாகம் வாழ்வகத்திலும் கைதடி நவீல்ட் பாடசாலையிலும் பார்வை குறைந்த பிள்ளைகளோடு பழகிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கேயே படிக்கவேண்டும் என்றில்லை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்கவாவது ஒருநாள் போய் வாருங்கள். என்னிடம் கிளினிக்குக்கு வந்த ஒரு பெண் இன்றைக்கு முன்பள்ளி ஆசிரியை. கதைப்புத்தகத்தை மூக்கில் வைத்துத்தான் வாசிக்கிறாள், பிள்ளைகளும் அவளைப் பார்த்து அப்படியே பிடிக்கிறார்களாம்.

படங்கு விறாந்தைக்கு வந்த அந்தக் குழந்தையின் வயிற்றில் அன்றைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்று மாதத்தில் வரச் சொன்னோம். அதற்குள் அவர்களும் இடம்பெயர்ந்தார்கள், நாங்களும் இடம்பெயர்ந்தோம்.

*அன்ரி, வயது 26, மல்லாவி. எனக்கும் அப்பாவுக்கும் அனிரிடியா. அப்பாவுக்கு நாற்பது வயதோடு பார்வை முழுதாகப் போய்விட்டது. எனக்கு இப்போது ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. பேஸ்புக்கில் மண்ணிறக் கொன்ராக்ட் லென்ஸ் விற்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கும் நாளில் இருக்கலாமா? செயற்கைக் கதிராளி வைக்கும் ஒப்பரேசனும் இருக்கிறதாமே? பிள்ளைகளுக்கும் வருமா?*

வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைவாசிக்கு அரைவாசி, காசு சுண்டுகிற மாதிரி. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இரண்டாவது தப்பும் என்று கணக்குப் போடமுடியாது, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் சுண்டுகிறோம். சொந்தத்தில் முடித்தால்தான் வரும் என்பதும் பிழை, இது தாயிடமோ தகப்பனிடமோ ஒருவரிடமிருந்தே வரும். முதல் கடிதத்தில் சொன்ன சிறுநீரகப் பயம், உங்களைப் போலக் குடும்ப வழியில் வருகிறவர்களுக்கு மிகக் குறைவு. பிள்ளை உண்டானால் கர்ப்பிணிக் கிளினிக்கிலேயே சொல்லிவைத்து, பிறந்த கிழமையே கண் டொக்டரிடம் காட்டுங்கள்.

லென்ஸ் வேண்டாம். அனிரிடியாக் கண்ணில் கருவிழியின் முன்பக்கம், கோர்ணியா என்கிற கண்ணாடித் தோல், தன்னைத்தானே புதுப்பிக்கச் சிரமப்படும். காய்ந்து, மங்கி, இரத்தக் குழாய் படர்ந்துவிடும். அதன்மேல் பேஸ்புக் லென்ஸை ஒட்டினால், கிறவல் ரோட்டுத் தூசியும் சேர்ந்து, பெண் பார்க்கும் நாளுக்குப் பிறகு நீங்கள் பார்ப்பது ஆஸ்பத்திரிக் கூரையாக இருக்கும். இப்படிக் கண்ணுக்கென்றே அளவெடுத்துச் செய்கிற சாயலென்ஸ் இருக்கிறது, அது கண் டொக்டர் பார்த்துத் தரவேண்டியது. செயற்கைக் கதிராளியும் உண்மைதான். ஜேர்மனியில் செய்கிற ஒன்றுக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் அது அழகுக்கு வைப்பதில்லை. பிறவி அனிரிடியாவில் கண்ணுக்குள் கைவைத்தால் அழுத்தம் கூடவும் உள்ளே தழும்பு படரவும் இடமிருக்கிறது. கண்புரைக்கு எப்படியும் ஒப்பரேசன் செய்யவேண்டி வந்தால் அப்போது அதையும் பற்றிக் கதைக்கலாம்.

அழுத்தம் என்றதும் உங்கள் அப்பாதான் நினைவில் வருகிறார். நாற்பதில் பார்வை போனது என்கிறீர்களே, அது குளுக்கோமா, அதாவது கண்ணுக்குள் பிறசர் கூடி நரம்பு சாவது, என்றே எனக்குப் படுகிறது. அனிரிடியா உள்ளவர்களில் அரைவாசிப் பேர் வரைக்கும் அது வரும். நோவிருக்காது. கேட்கிறேன், மகள், உங்கள் கண் பிறசரைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? கலியாணம், லென்ஸ், பிள்ளை எல்லாம் எழுதிய கடிதத்தில் அது மட்டும் இல்லை. அனிரிடியா உள்ளவர் சாகும்வரை பிறசர் பார்க்கவேண்டும். சொட்டு மருந்து தந்தால் ஒருநாளும் விடக்கூடாது. சில சொட்டுகளைத் திறக்கும்வரை குளிரில் வைக்கவேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் நாங்கள் மண்சட்டியில் ஈரமணல் போட்டு, அதற்குள் போத்தலைப் புதைத்து, பாலைமர நிழலில் வைத்தோம். இப்போது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிரிட்ஜ் இருக்கும்தானே.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லுங்கள். நீங்களே சொல்லுங்கள், தரகர் வாயால் வேண்டாம். கண் ஆடுவதை அவர்கள் எப்படியும் காண்பார்கள். அரைவாசிக்கு அரைவாசி என்பதைத் திருமணத்துக்கு முதல் கேட்டு, "சரி" என்கிறவன்தான் உங்களுக்கு வேண்டும். சீதனத்தைக் கூட்டிக் கேட்டால், அந்தப் பேச்சை அங்கேயே விடுங்கள் என்று உங்கள் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

*வணக்கம். கண் சிவந்தால் நந்தியாவட்டைப் பூச்சாறோ தாய்ப்பாலோ விடலாம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சூடு மிதிக்கும்போது கண்ணில் உமி பட்டது. விடலாமா?*
*ஒரு கமக்காரன், துணுக்காய்*

விடவேண்டாம், ஐயா. உமி, நெல் இலை கீறிய கண்ணில் பங்கசு பிடித்து வெள்ளையாகப் புண் வரும். அறுவடைக் காலத்தில் எங்கள் கிளினிக்கில் இதற்கே தனி வரிசை நின்றது. சாறும் பாலும் அந்தப் புண்ணுக்குத் தீன். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற ஸ்ரீரொயிட் சொட்டு அதைவிட மோசம், சிவப்பை மட்டும் மறைத்துப் புண்ணை உள்ளே இறக்கிவிடும். சுத்தமான ஆறிய தண்ணீரால் கழுவிவிட்டு, கசக்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நந்தியாவட்டைப் பூவைச் சாமிக்கு வையுங்கள்.